ஹார்ட் டிஸ்க் மாற்றியதும் கம்ப்யூட்டர் எழவில்லையா? எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

அக்கா வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. தையல் கணக்கு, குடும்பப் புகைப்படங்கள், பையனின் காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான். உள்ளே இரண்டு டிஸ்க். 120 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ்; 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் மற்ற எல்லாம். அந்த ஹார்ட் டிஸ்க் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டு வந்ததால், அக்கா மகன் புதிதாக ஒரு 2 டிபி டிஸ்க் வாங்கி, ஃபைல்களை அதற்கு மாற்றிவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. எனக்கு ஃபோன் செய்தான்.

“மாமா, விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை நான் தொடவே இல்லை. ஆனா ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்னு வருது. ஃபார்மட் பண்ணி விண்டோஸை மறுபடி போட்டுடட்டுமா?”

“வேண்டாம் மாப்ளே. பழைய டிஸ்க் எங்கே?”

“மேசை மேலதான் இருக்கு.”

“அதை ஒண்ணும் பண்ணாதே. நான் சாயங்காலம் வர்றேன்.”

டிஸ்க் மாற்றி முதல்முறை மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கணினி சரியாகி, ஒரு மாதம் ஒழுங்காக ஓடும் வரை பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள், விற்காதீர்கள், வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி. பழையதை மறுபடி மாட்டினால் கணினி எழுகிறதா என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும்.

அடுத்தது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் வரும் வரை கணினி சில கட்டங்களைத் தாண்டுகிறது. மின்சாரம் வர வேண்டும். மதர்போர்டு தன்னைச் சோதித்துத் திரையில் எதையாவது காட்ட வேண்டும். பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல், டிஸ்க்கை அடையாளம் காண வேண்டும். அந்த டிஸ்க்கில் விண்டோஸை எழுப்பும், அதாவது பூட் செய்யும், நிரல் இருக்க வேண்டும். கடைசியாக விண்டோஸ் தன் டிரைவர்களோடு எழ வேண்டும். ஃபேனே சுற்றாத கணினிக்கு விண்டோஸ் பென்டிரைவ் உதவாது. பயாஸில் பெயரே தெரியாத டிஸ்க்கை எந்தக் கட்டளையும் சரிசெய்யாது. அதனால் கீழே உள்ளதை வரிசையாக எல்லாம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் கணினி நிற்கும் இடத்துக்கு நேராகப் போங்கள்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் முதலில் வெளியே பாருங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வேலை தொடங்கும்போது அதை அணைத்துவிட்டு மறந்தவர்கள் நிறைய பேர்.

அது சரியாக இருந்தால் பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடலில் இருக்கும் நிலைமின்சாரத்தையும் இறக்கிவிட்டு உள்ளே கை வையுங்கள்.

இப்போது புதிய டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் எடுத்துவிட்டு, டிஸ்க் இல்லாமலே ஆன் செய்து பாருங்கள். ஃபேன் சுற்றினால் கோளாறு அந்த டிஸ்க்கிலோ அதற்குப் போகும் பவர் கேபிளிலோ இருக்கிறது. அப்போதும் சுற்றவில்லை என்றால் வேலை செய்யும்போது வேறு ஏதோ அசைந்திருக்கிறது. மதர்போர்டுக்குப் போகும் அகலமான 24 பின் கேபிள், பிராசஸருக்குப் பக்கத்தில் போகும் 4 அல்லது 8 பின் கேபிள், பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர் மூன்றையும் அழுத்தி உட்கார வையுங்கள். டிஸ்க் மாட்டும் கூடு பெரும்பாலும் அந்த மெல்லிய ஒயர்கள் இருக்கும் பக்கம்தான் இருக்கிறது. கை பட்டு அவை கழன்றுவிடுவது சாதாரணம்.

ஸ்க்ரூவையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது மதர்போர்டுக்கு அடியில் விழுந்திருக்கலாம். ஷார்ட் ஆகி எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கேபினெட்டை மெதுவாகச் சாய்த்து, உருளும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சில எஸ்எம்பிஎஸ்களில் கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். அப்படிப்பட்டதில் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை, முனை பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள். டிஸ்க் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் புதிய டிஸ்க் அந்த நொடியே போய்விடும். அதே வரிசையில் இருக்கும் பழைய டிஸ்க்கும் சேர்ந்து போகும். கருகல் வாசனை வந்தால் மறுபடி ஆன் செய்து பார்க்கவே கூடாது.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு

இது பெரும்பாலும் டிஸ்க்கின் கோளாறு இல்லை. டிஸ்க்கே இல்லாத கணினிகூடத் திரையில் பயாஸைக் காட்டும். வேலை செய்யும்போது கை பட்டு ரேம் லேசாகத் தூக்கியிருக்கும். மின்சாரத்தை அணைத்து, ரேமைக் கழற்றி, இரு பக்கமும் ‘டக்’ என்று சத்தம் வரும் வரை அழுத்தி மாட்டுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் அதே போல. மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் மாட்டியிருக்கிறதா, அவசரத்தில் மதர்போர்டில் மாட்டிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

லோகோ வருகிறது, ஆனால் டிஸ்க் தெரியவில்லை

இனி பயாஸுக்குள் போக வேண்டும். ஆன் செய்த உடனே, லோகோ வருவதற்கு முன்பே, அதற்கான கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் டெலிட் கீ. டெல், ஏசர் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. கீபோர்டைக் கேபினெட்டின் பின்பக்க யூஎஸ்பியில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிட வேலை பிறகு ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். அப்புறம் ஸ்டோரேஜ் அல்லது சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறையின் பெயர்) என்று இருக்கும் பகுதியில் புதிய டிஸ்க்கின் மாடல் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இந்தப் பகுதியை விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இல்லையென்றால் முதல் சந்தேகம் கேபிள். சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்: குறுகலான 7 பின் டேட்டா கேபிள் மதர்போர்டிலிருந்து வரும், அகலமான 15 பின் பவர் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும். ஒன்றை மாட்டி மற்றதை மறப்பதும் உண்டு. இரண்டிலும் உள்ளே ஆங்கில எல் எழுத்து வடிவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதைத் திருப்பி வைத்து அழுத்தினால் டிஸ்க்கின் பக்கமிருக்கும் நாக்கு உடைந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கள் தாங்கலில்லாமல் தொங்கினால் உடைந்தது உறுதி. நாக்கு நன்றாக இருந்தால் டேட்டா கேபிளை மதர்போர்டில் வேறொரு சாட்டா துளையில் மாட்டுங்கள், பிறகு கேபிளையே மாற்றிப் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த டேட்டா கேபிள், ஒருமுறை கழற்றி மாட்டியதும் கைவிட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் ஆன் செய்து அதன் மேல் விரல் வைத்துப் பாருங்கள். சுற்றும் டிஸ்க்கில் மெல்லிய அதிர்வு தெரியும். அதிர்வே இல்லை, கேபிளும் சரி என்றால் பவர் கேபிளின் 3.3 வோல்ட் பின்னைச் சந்தேகப்படுங்கள். சர்வர்களுக்காகச் செய்த டிஸ்க்குகளிலும், வெளி டிஸ்க்கின் பெட்டியைப் பிரித்து எடுத்த சில டிஸ்க்குகளிலும், மூன்றாவது பின்னில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டுக் கணினியின் எஸ்எம்பிஎஸ் பல சமயம் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் தந்துகொண்டிருக்கும். அதனால் டிஸ்க் சுற்றவே சுற்றாது. செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான்கு பின் மோலெக்ஸ் கேபிளிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒரு சின்ன கன்வெர்ட்டர் போட்டால் சரியாகிவிடும், மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. ஆனால் ஒயர்களை அச்சில் வார்த்து மூடிய மலிவான கன்வெர்ட்டர் வேண்டாம், சூடேறித் தீப்பிடித்தவை உண்டு. ஒயர் ஒவ்வொன்றும் தனித்தனியே அழுத்திச் செருகியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டி வாங்கியவர்களுக்கு வேறு விதமான தொல்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் சாட்டா வகையும் இருக்கிறது, என்விஎம்ஈ வகையும் இருக்கிறது. மதர்போர்டின் துளை இரண்டையும் ஏற்கும் என்று சொல்ல முடியாது. சாட்டா மட்டும் ஏற்கும் துளையும் உண்டு, என்விஎம்ஈ மட்டும் ஏற்கும் துளையும் உண்டு. பட்டையின் முனையைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்ஈ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஆனால் என்விஎம்ஈயிலும் இரண்டு வெட்டு வைத்தவை உண்டு. ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைப் படித்து முடிவு செய்யுங்கள். உங்கள் துளை எந்த வகை என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும்.

அந்தக் கையேட்டிலேயே இன்னொரு வரியையும் தேடுங்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 துளையில் எஸ்எஸ்டி போட்டால் சாட்டா துளைகளில் ஒன்றோ இரண்டோ தானாக அணைந்துவிடும். இரண்டும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. புதிய எஸ்எஸ்டி தெரிகிறது, ஆனால் இத்தனை நாள் ஓடிய பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது என்றால் காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை வேறு சாட்டா துளைக்கு மாற்றினால் போதும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் பூட் ஆகவில்லை

‘நோ பூட்டபிள் டிவைஸ்’, ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’, இல்லை அக்கா வீட்டில் வந்த அந்த வரி. எது வந்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: பயாஸ் தேடிய இடத்தில் தொடங்கிவைக்கும் நிரல் இல்லை.

இருந்த ஒரே டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதிய காலி டிஸ்க்கை மாட்டியிருந்தால் இது கோளாறே இல்லை. கடையிலிருந்து வரும் டிஸ்க்கில் ஒன்றும் இருக்காது. வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸைத் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்து நிறுவ வேண்டியதுதான். பென்டிரைவில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். புதிய சாவி வாங்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். விண்டோஸ் 10, 11 ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த கணினியில் உரிமம் மதர்போர்டைச் சார்ந்தே இருக்கும். சாவி கேட்கும் இடத்தைத் தாண்டிவிட்டு, முன்பிருந்த அதே பதிப்பைப் போட்டால், இணையத்தோடு இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து (உள்ளிருப்பதை மொத்தமாக நகலெடுத்து) மாட்டியிருந்தால், முதல் பூட்டுக்குப் புதியதை மட்டும் மாட்டுங்கள். பழையதும் குளோனும் ஒரே அடையாள எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும், அல்லது பழையதிலிருந்தே எழுந்து நம்மை ஏமாற்றும். யூஎஸ்பி பெட்டியில் வைத்து குளோன் செய்த பெரிய டிஸ்க்கில் இன்னொரு சிக்கலும் வரலாம். சில பெட்டிகள் டிஸ்க்கின் செக்டார் அளவை 512 பைட்டுக்குப் பதில் 4096 என்று காட்டும். நேராக சாட்டாவில் மாட்டும்போது பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) கணக்கு பொருந்தாமல் டிஸ்க் காலி போலத் தெரியும். கணினிக்குள்ளேயே இரண்டு டிஸ்க்கையும் சாட்டாவில் மாட்டி மறுபடி குளோன் செய்தால் சரியாகிவிடும்.

அடுத்தது பூட் வரிசை. பயாஸின் பூட் பகுதியில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் முதலில் இருக்க வேண்டும். புதிய வகைக் கணினிகளில் டிஸ்க்கின் பெயருக்குப் பதில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று ஒரு வரி இருக்கும். இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரிசை சரியாக இருந்தும் எழவில்லை என்றால் யூஇஎஃப்ஐ, லெகசி என்ற இரண்டு பூட் முறைகளைப் பார்க்க வேண்டும். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கிலிருக்கும் விண்டோஸ் லெகசி முறையில்தான் எழும். ஜிபிடி முறையில் பிரித்தது யூஇஎஃப்ஐயில்தான் எழும். மாற்றிப் போட்டால் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும், பூட் ஆகாது.

“நான் பயாஸைத் தொடவே இல்லையே, அது எப்படி மாறும்?” என்று கேட்பார்கள். மதர்போர்டில் நாணயம் போல வட்டமாக சிஆர்2032 என்று ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் அதுதான் காப்பாற்றுகிறது. சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். ஆனால் பவர் கேபிள் சுவரில் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் தரும் சிறு மின்சாரமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்வதால் நமக்குத் தெரியாது. டிஸ்க் மாற்றுவதற்காக முதல்முறையாகக் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றுகிறோம். அந்தச் சில நிமிடங்களில் அமைப்புகள் எல்லாம் அழிந்து, கணினி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடுகிறது. புதிய டிஸ்க் மீது பழி விழுகிறது. பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பேட்டரியை மாற்றிவிட்டு, தேதியைச் சரிசெய்து, பூட் முறையையும் பழையபடி வையுங்கள். சிஎஸ்எம் என்ற அமைப்பை இயக்கினால் லெகசி வரும். புதிய கணினிகள் பலவற்றில் சிஎஸ்எம்மே கிடையாது. அவற்றில் ஜிபிடி டிஸ்க்தான் வழி.

அக்கா வீட்டில் தேதி சரியாக இருந்தது. கேபிள் சரி. எஸ்எஸ்டி, புதிய டிஸ்க் இரண்டின் பெயரும் பயாஸில் இருந்தன. ஆனால் பூட் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் இல்லை. மேசை மேலிருந்த பழைய 1 டிபி டிஸ்க்கை எடுத்து மாட்டினோம். அரை நிமிடத்தில் விண்டோஸ் வந்துவிட்டது. பையன் என்னையே பார்த்தான்.

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தோம். எஸ்எஸ்டியின் வரிசையில் சி டிரைவ் மட்டும் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் வரிசையில், புகைப்படங்கள் இருந்த பெரிய பகுதிக்கு முன்னால் ஒரு விரல் நகம் அளவு பெட்டி: ‘100 எம்பி, இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’. விண்டோஸ் இருந்தது எஸ்எஸ்டியில். அதை எழுப்பிவிடும் நிரல் இருந்தது ஹார்ட் டிஸ்க்கில். முதலில் ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்த கணினியில் பிறகு எஸ்எஸ்டி சேர்த்து, இரண்டையும் மாட்டி வைத்துக்கொண்டே விண்டோஸ் நிறுவியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு டிஸ்க்கில் பூட் பார்ட்டிஷன் இருந்தால் நிறுவும்போது விண்டோஸ் பெரும்பாலும் அதையே பயன்படுத்திக்கொள்ளும். அதனால்தான் விண்டோஸ் நிறுவும் நேரத்தில் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவைக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யப் பழைய டிஸ்க்கோடு விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஸ்எஸ்டியில் ஒரு பூட் பார்ட்டிஷன் உண்டாக்கினோம். முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவ் மீது வலது கிளிக், ‘ஷ்ரிங்க் வால்யூம்’, 300 எம்பி. அந்த இடம் காலியாக நிற்கும்.

பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தோம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை எழுதுகிறேன். முதலில் ‘டிஸ்க்பார்ட்’. அடுத்து ‘லிஸ்ட் டிஸ்க்’. இங்கே நிதானியுங்கள். எந்த எண் எஸ்எஸ்டி என்று அளவை வைத்து உறுதி செய்யுங்கள். 120 ஜிபி டிஸ்க் இங்கே 111 என்று காட்டும். எஸ்எஸ்டியின் வரியில் ஜிபிடி என்ற தலைப்பின் கீழ் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கானது இல்லை, நிறுத்திவிடுங்கள். இருந்தால் ‘செலக்ட் டிஸ்க்’ என்று அடித்து அதன் எண். பிறகு ‘கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260’. அடுத்து ‘ஃபார்மட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32’. இந்தக் கட்டளை இப்போது உண்டாக்கிய சின்னப் பகுதியை மட்டும்தான் ஃபார்மட் செய்யும். ஆனால் முந்தைய கட்டளை வெற்றி என்று செய்தி வராமல் இதை அடித்துவிடாதீர்கள். பிறகு ‘அசைன் லெட்டர்=எஸ்’, ‘எக்ஸிட்’.

கடைசியாகப் பூட் நிரலை அதில் எழுத வேண்டும். பி, சி, டி என்ற மூன்று எழுத்துகளோடு பூட் என்பதைச் சேர்த்து ஒரே சொல்லாக அடியுங்கள். இடம் விட்டு சி, கோலன், பேக்ஸ்லாஷ், விண்டோஸ் என்று இடைவெளி இல்லாமல். இடம் விட்டு ஸ்லாஷ் எஸ். இடம் விட்டு எஸ் கோலன். இடம் விட்டு ஸ்லாஷ் எஃப். இடம் விட்டு யூஇஎஃப்ஐ. என்டர். பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாயின என்று ஒரு வரி வந்தது. கணினியை முழுவதும் அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, புதிய 2 டிபியை மாட்டி ஆன் செய்தோம். விண்டோஸ் நேராக வந்தது.

பழைய டிஸ்க் செத்தே போயிருந்தால் விண்டோஸ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் அதே கறுப்புச் சன்னல் வரும். அங்கிருந்தும் இதைச் செய்யலாம்; சுருக்குவதற்கு டிஸ்க்பார்ட்டிலேயே சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘ஷ்ரிங்க் டிசையர்ட்=300’ என்று கொடுக்க வேண்டும். அங்கே விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு சி என்ற எழுத்தே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ‘லிஸ்ட் வால்யூம்’ அடித்து அளவைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடியுங்கள். பூட் பார்ட்டிஷன் இருந்தும் பழுதாகியிருக்கிறது என்றால் இத்தனையும் தேவையில்லை. பென்டிரைவில் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’, ‘ட்ரபிள்ஷூட்’, ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்று போங்கள். முதல்முறை சரியாகாவிட்டாலும் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்க்கலாம்.

விண்டோஸ் தொடங்கிப் பாதியில் விழுகிறது

நீலத் திரையில் ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால் பயாஸில் சாட்டா முறையைப் பாருங்கள். விண்டோஸ் ரெய்டு முறையில் நிறுவப்பட்டிருந்து இப்போது ஏஹெச்சிஐ என்று மாறியிருந்தால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், விண்டோஸால் தன் டிஸ்க்கையே படிக்க முடியாது. மேலே சொன்ன பேட்டரி விவகாரத்தில் இதுவும் சேர்ந்தே மாறும். முன்பிருந்த முறைக்கே திருப்பிவிடுங்கள். எது முன்பிருந்தது என்று தெரியாவிட்டால் ஒன்றை வைத்துப் பார்த்து, வராவிட்டால் மற்றதை வைக்கலாம்.

இன்டெல் பதினோராம் தலைமுறை முதலான லேப்டாப்களில் புதிய எஸ்எஸ்டி பயாஸில் தெரியும், விண்டோஸ் நிறுவும்போது மட்டும் பட்டியலில் வராது. விஎம்டி என்ற அமைப்பு நடுவில் நிற்பதால் அப்படி. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பென்டிரைவில் விரித்து வைத்து, ‘லோட் டிரைவர்’ என்ற இடத்தில் காட்டினால் டிஸ்க் தெரியும்.

பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டால் பதற வேண்டாம். பயாஸ் அமைப்பு மாறியதைப் பார்த்து அது கேட்கிறது. ஃபோனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போனால், அந்தச் சாவி அங்கே சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அலுவலகக் கணினி என்றால் அலுவலகத்தில் கேளுங்கள். சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கைத் திறக்க வழி கிடையாது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கழற்றிய டிஸ்க்கின் அடையாள எண், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் இன்னும் இருந்தால், பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். அந்த வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போட்டுவிட்டு மறுபடி பூட் செய்தால் வந்துவிடும்.

லேப்டாப்பில் மாற்றுபவர்களுக்கு

மூடியைத் திறந்ததும், டிஸ்க்கைத் தொடுவதற்கு முன், உள்ளே இருக்கும் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுங்கள். டிஸ்க் மாற்றிய லேப்டாப் அசைவே இல்லாமல் கிடந்தால் பெரும்பாலும் அந்தக் கனெக்டர் சரியாகத் திரும்ப மாட்டப்படவில்லை, அல்லது சார்ஜரை மாட்டி பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பட்டையான ரிப்பன் கேபிளின் பூட்டு, காகிதம் போல மெல்லிய பிளாஸ்டிக். நகத்தால் மெதுவாகத் தூக்கித் திறந்து, கேபிளை நேராக நுழைத்து, மூட வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் மதர்போர்டில் இருக்கும் கனெக்டர் கையோடு வந்துவிடும்.

பழைய டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், அதில் நகலெடுக்காத ஃபைல்கள் இருந்தால், மேலே சொன்ன எதையும் அதில் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளிருப்பது இன்னும் கொஞ்சம் கெடும். அணைத்து எடுத்து, தரவு மீட்கும் வேலையை மட்டுமே செய்பவர்களிடம் கொடுங்கள். செலவு அதிகம்தான். கல்யாணப் படங்களுக்கு அது ஒன்றுதான் வழி.

அக்காவின் பழைய டிஸ்க்கை ஒரு துணிப் பையில் சுற்றி, தேதி எழுதி, பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறோம். புதிய டிஸ்க்குக்கு முன்பிருந்த அதே டி என்ற எழுத்தை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கொடுத்ததும் அக்காவின் கணக்கு ஃபைல் பழைய இடத்திலேயே திறந்தது.